கிரில்லுக்குள் செருகிய மாலைகள்

மக்கா,

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்த்தேன். முடியவில்லை. போனில் நான் சத்தம் போடுவேன், நீ அதைவிடச் சத்தம் போடுவாய், கடைசியில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். நம் வீட்டுப் பேச்சு எப்போதும் அப்படித்தானே முடியும். எழுதினால் நீ குறுக்கே விழுந்து பேச முடியாது. உன் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் இதை நீ கடைசிவரை வாசித்துவிட வேண்டும். நடுவில் கோபம் வரும். வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வாசி. கிழித்து மட்டும் போடாதே. ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில் ஆதிராவை ஏற்றிக்கொண்டு, கல்யாணப் புடவை எடுக்க உன் காரில் பாலராமபுரத்துக்குப் புறப்பட்டோம். நீ ஓட்டினாய், அவள் உன் பக்கத்தில், நான் பின்சீட்டில். உதியன்குளங்கரை தாண்டும்வரை ஏசி நன்றாகத்தான் இருந்தது. அமரவிளை பாலத்துக்குப் பக்கத்தில் நெரிசலில் மாட்டினோம். நின்ற ஐந்தாவது நிமிஷம் சூடான காற்று வர ஆரம்பித்தது. நீ பட்டனை அழுத்தினாய், திருகினாய், அப்புறம் முஷ்டியை மடக்கி டாஷ்போர்டில் ஓங்கிக் குத்தினாய். ஒரு குத்து அல்ல, நான்கு. ஆதிரா மெதுவாகச் சொன்னாள், "சேட்டா, வண்டி ஓடும்போ நல்ல தணுப்பு உண்டு. நிக்கும்போதாக்கும் சூடு வருது. முன்னால உள்ள ஃபேன் சுத்துதான்னு ஒண்ணு எறங்கிப் பாருங்க." உனக்குக் கேட்கவில்லை. அவள் உன் காதருகே சாய்ந்து, அதையே உரக்கச் சொன்னாள். "எட்டி, எதுக்குக் கெடந்து கத்துற?" என்று நீ திரும்பினாய். கியரில் இருந்த உன் இடது கை, புறங்கையோடு மேலே எழும்பியது. நான் பின்னாலிருந்து "எலே!" என்று அலறினேன். கை அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அப்புறம் நீ அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டாய், சொறியத்தான் தூக்கியதுபோல. நல்ல நடிப்பு. ஆதிரா கண்ணை இறுக்கி மூடி, முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பியிருந்தாள். நான் எதுவும் கேட்காமலே, "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். உன் அப்பனோடு இருந்த காலத்தில் எத்தனை பேரிடம் அந்த ஒண்ணும் இல்லையை நான் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? புடவைக் கடையில் என்ன நடந்தது என்று நீ கவனித்தாயா? கடைக்காரர் விரித்துக் காட்டிய முதல் புடவையையே "இது போதும்" என்றாள். இரண்டாவது ஒன்றை அவள் கேட்கவே இல்லை. தன் கல்யாணப் புடவைக்கு இரண்டாவது புடவையைப் பிரித்துப் பார்க்காத பெண்ணை நான் இதுவரை கண்டதில்லை. சீக்கிரம் அங்கிருந்து போய்விட வேண்டும் என்பதுதான் அவள் முகத்தில் இருந்தது. நீயோ, கடையில் நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டாய்.

மறுநாள் நீ காரை இங்கேயே விட்டுவிட்டு, தங்கி வேலை பார்க்கிற திருவனந்தபுரத்துக்கு ரயிலேறிப் போன பிறகு உன் கார் பானட்டைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷமாக உதியன்குளங்கரை ஸ்டாண்டில் டாக்சி ஓட்டுகிறவள் நான். ஏசி நின்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் உள்ளே காற்று வருகிறதா? வருகிறது. அப்படியானால் உள்ளே இருக்கும் புளோயரில் குறை இல்லை. ஏசியைப் போட்டதும் கம்ப்ரசர் "டக்" என்று பிடிக்கிறதா? பிடிக்கிறது. கேஸ் முழுக்கத் தீர்ந்திருந்தால் அது பிடிக்காது. அடுத்து, ஏசியின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் முன்னால் இருக்கும்; அதைக் குளிர வைக்கிற ஃபேன் சுற்றுகிறதா? அசையவே இல்லை. ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர வைத்துவிடும். நின்றால் ஃபேன் வேண்டும். ஃபியூஸ் நன்றாக இருந்தது. அடுத்து ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற ரிலே. ஹாரனுக்கும் அதே அளவு ரிலே என்பதால், அதைக் கழற்றி ஃபேனுக்கு மாட்டினேன். விர்ரென்று சுற்றியது. தீப்பெட்டியைவிடச் சின்ன ஒரு ரிலே, மக்கா. அதை ஆதிரா காரில் உட்கார்ந்தபடியே கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டாள். சரியாகச் சொன்னவளைத்தான் நீ அடிக்கப் போனாய்.

அவள் ஏன் கத்தினாள்? உன் இடது காதில் விழவேண்டும் என்பதற்காக. சின்ன வயதில் காய்ச்சல் வந்து அந்தக் காது போய்விட்டது என்று நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். நான்தான் உனக்கு அந்தப் பொய்யைப் பழக்கினேன். சொந்தக்காரர், பள்ளிக்கூடம், பெண் வீட்டார் எல்லோருக்கும் அதே காய்ச்சல்தான். இனி அது போதும். அந்தப் பொய்யோடு அவளை நம் வீட்டுக்குள் கூட்டி வர எனக்கு மனசில்லை.

அதற்கு முன்னால் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் அப்பன் என்னை ஆறு வருஷம் அடித்தான். பெல்டால், சாப்பாட்டுத் தட்டால், ஒருமுறை குடையை மடக்கி அதன் கூர்முனையால். நீ மூன்று வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாய். ஒரு நாள் அவன் உன்னை வெளியே இழுக்கக் குனிந்தான். நான் ஜாக்கி லிவரை எடுத்து அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனவன்தான், திரும்பி வரவில்லை. அந்த அடிக்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை; பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் குறைக்கும் அதுதான் மருந்து என்று என் கை நினைத்துக்கொண்டது. ஸ்டாண்டில் ஒருவன் அசிங்கமாகப் பேசினான், அவன் உதட்டைக் கிழித்தேன். இன்னொருவன் என் வரிசையில் புகுந்தான், அவன் வண்டியின் சைடு கண்ணாடியைச் செருப்பால் உடைத்தேன். "அடிக்காரி வாறா" என்று சொல்லி வழிவிடுவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அடியாத மாடு படியாது என்று உன்னிடமும் சொல்லிச் சொல்லி அடித்தேன்.

உனக்குப் பதின்மூன்று வயது. மேடம் மாசத்து, அதாவது சித்திரை மாசத்து வெயில். கண் ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவரையும் அவர் மகளையும் திருவனந்தபுரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். நெய்யாற்றின்கரை வருவதற்குள் ஏசி தகராறு செய்தது. கொஞ்ச நேரம் தணுப்பு, அப்புறம் சூடு, மறுபடி கொஞ்சம் தணுப்பு. பெரியவருக்குக் கட்டுக்குள் வியர்த்து வழிந்தது. "ஏசி உண்டுன்னு சொல்லி ஆளப் பற்றிக்குந்நோ?" என்று, ஏமாற்றுக்காரியைத் திட்டுவதுபோல மகள் என்னைத் திட்டினாள். பஸ் ஸ்டாண்டு முன்னால், நூறு பேர் பார்க்க, இறங்கி வேறு வண்டியில் ஏறிப் போனார்கள். அந்த அவமானத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். முந்தின வாரம் நீ பாட்டுக் கேட்க ஒரு வயர் மாட்டுவதற்காக டாஷ்போர்டைக் கழற்றியிருந்தாய். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நீ கிணற்றடியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தாய். "எலே, வண்டியில எதத் தொட்ட?" என்றேன். "நான் ஒண்ணும் தொடல்லம்மா" என்றாய். முதல் அடி கன்னத்தில். நீ எழுந்து நின்று சொன்னாய், "வண்டி முன்னால செருகி வச்சிருக்க மாலையெல்லாம் எடுத்துக் களையணும்மா. காத்து போவ வழி இல்லல்லா." ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டி கழுவுகிறவன் நீ; கிரில்லுக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறாய். நான் வாரந்தோறும் கோயிலிலிருந்து வண்டிக்கு மாலை வாங்கிப் போடுவேன். பழைய மாலையைக் குப்பையில் எறிந்தால் யார் காலிலாவது மிதிபடும், அது பாவம் என்று, ஒவ்வொன்றாகக் கிரில்லுக்குள் செருகி வைப்பேன். வண்டிக்கும் காவல் என்று ஒரு நினைப்பு. சாமி மாலையைக் களையச் சொல்கிறாயா என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வலது கையை முழு நீளத்துக்கு வீசி அடித்தேன். அது உன் இடது காதில் விழுந்தது. நீ துவைக்கிற கல்லில் போய் மோதி விழுந்தாய். கொடியில் கிடந்த பழைய ஃபேன் பெல்டை எடுத்து முதுகிலும் தொடையிலும் அடித்தேன். நீ ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, "மாலைம்மா, மாலைம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். உன் விரலிடுக்கில் இரத்தம் வந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் இன்னொரு அடி அடித்தேன். இதை நான் எந்தச் சாமியிடமும் சொன்னதில்லை. உனக்கும் இது தெரிந்திருக்காது, நீ கண்ணை மூடியிருந்தாய்.

மறுநாள் காலையில் வண்டியை ஏசி மெக்கானிக் சசியண்ணனிடம் கொண்டு போனேன். அவர் அவசரப்படுகிற ஆளே இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, காற்று வருகிற இடத்தில் கையை வைத்தார். கம்ப்ரசர் பிடிப்பதைக் கேட்டார். ஒரு நிமிஷத்தில் அது விட்டுவிடுவதையும் கேட்டார். அப்புறம் கேஸின் அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டினார். முள் ஏறிக்கொண்டே போய், கம்ப்ரசர் தானாக நின்றது. "கேஸ் எல்லாம் உண்டு பிள்ளே. சூடு வெளிய போவ வழி இல்லாம, வெடிச்சிரக் கூடாதுன்னு அதே நிறுத்துது" என்றார். டார்ச் அடித்துக் கிரில்லுக்குள் பார்த்தார். மூக்கு நீண்ட பிளையரை விட்டு ஒரு மாலையை இழுத்தார். பின்னால் இன்னொன்று வந்தது. செவ்வந்தி, துளசி, அரளி, வாழைநார், எல்லாம் மண்ணோடு சேர்ந்து வறட்டிபோல இறுகிக் கண்டென்சரை மூடியிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. தரையில் விரித்த துண்டு நிறைந்துவிட்டது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததும் முள் இறங்கியது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது. "இத ஆரு இதுக்குள்ள வச்சது?" என்று கேட்டார். நான் காசைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். ஏசிக் காற்று என் முகத்தில் அடித்தது.

வீட்டுக்கு வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. சாயாக்கடையில் பழம்பொரி வாங்கி வந்தேன். காதில் சீழ் வைத்து நீ ராத்திரியெல்லாம் முனக ஆரம்பித்த பிறகுதான், நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டர் உன் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உன்னிடம் கேட்டார். கதவு இடுக்கில் உன் குரல் கேட்டது, "கொளத்துல சாடினேன் டாக்டர், கல்லுல இடிச்சிட்டு." அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. பிள்ளைக்குக் காது போகிறதே என்று தோன்றவில்லை, போலீஸ் வராது என்று நிம்மதி. நான் செய்த வேறு எதை நீ மன்னித்தாலும் அந்த நிம்மதியை மன்னிக்காதே.

அதற்கப்புறம் அம்மா திருந்திவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். திருந்தவில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் நான் கை ஓங்கினேன், நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. நீ என்னைவிட உயரமாகிவிட்டாய், அதனால் நிறுத்தினேன். அவ்வளவுதான். ஆனால் ஆதிரா ஒருநாளும் உன்னைவிட உயரமாகப் போவதில்லை. உன் கை தானாக நிற்க அவள் பக்கத்தில் எதுவும் இல்லை. அது உன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். அடித்துக் கெட்டவள் என்ற தகுதிதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்வார்கள். எனக்குக் காதும் மட்டு. பக்கத்தில் இருந்தவன் சரியாகச் சொன்னது என் காதில் விழவே இல்லை. கை சூடேறும்போது வண்டியிலிருந்து இறங்கிவிடு. நடுரோடாக இருந்தாலும் இறங்கு, பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிக்கட்டும். ஸ்டாண்டில் இப்போது நான் அதைத்தான் செய்கிறேன். பைப்படிக்குப் போய் இரண்டு கையையும் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்பேன். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். திரும்பி வந்து, என்ன சொன்னாய் என்று கேள். வலது காதைக் கொடுத்துக் கேள்.

மேலே உள்ளதை எழுதி முடித்து நான்கு நாள் ஆகிறது. தபாலில் போடவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இன்று காலை ஆதிரா வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வேலைக்குப் போயிருந்தார், அவள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இது முதலில் அவளுக்குத் தெரிய வேண்டிய விஷயம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பாள் என்று உனக்குத் தெரியுமே. அதனால் நானே சத்தமாக வாசித்தேன். உன் அப்பன் கதை வரைக்கும் குரல் நன்றாகத்தான் வந்தது. கிணற்றடிக்கு வந்ததும் வரி வரியாக நிறுத்தி வாசித்தேன். அந்த "பார்த்த பிறகும்" என்ற இடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி அந்த வரியை வாசித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைபோல இரண்டு தடவை வாசித்தாள். அவள் வாயிலிருந்து கேட்டபோதுதான் நான் செய்தது என்ன என்று எனக்கே முழுசாக உறைத்தது.

வாசித்து முடித்துத் தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு, "அம்மா, இது எனக்குத் தெரியும்னு அவருக்கு அறியுமா?" என்றாள்.

"இல்ல மோளே. இதுக்கு மேலதான் அவனுக்குச் சொல்லணும்."

"ஞாயிற்றுக்கிழமை அம்மா பின்னால இல்லேன்னா, அந்தக் கை நின்னிருக்குமா?"

நிற்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ என் பிள்ளை. பன்னிரண்டு நாள் எட்டாகிவிட்டது. பந்தலுக்குச் சொல்லியாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று. ஆனால் பொய் வரவில்லை. "எனக்குத் தெரியாது மோளே" என்றேன்.

"எனக்கு ரெண்டு நாள் வேணும்" என்றாள். "எடுத்துக்க. வேண்டாம்னு தோணினா அதையும் தைரியமாச் சொல்லு, உன் வீட்டுல நான் வந்து பேசுதேன்" என்றேன். அவள் அழவில்லை. வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தாள், வலது கையை. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டாள்.

ஆகவே இனி நடக்கப் போவதைக் கேட்டுக்கொள். இதை நீ வாசிக்கும்போது அவள் உன் போனை எடுக்க மாட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிடாதே. அவள் வீட்டு வாசலில் போய் நிற்காதே. அவள் வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்கிற உரிமை உனக்குக் கிடையாது. காரணத்தை நான்தான் கொடுத்தேன். பெற்ற தாயே பிள்ளை கல்யாணத்தைக் குலைத்தாள் என்று ஊர் பேசும். பேசட்டும். உனக்கு என்மேல் கொலைவெறி வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வெறியோடு நேராக இங்கே வா. ஸ்டாண்டில் மூன்று நாளைக்கு ஓட்டம் இல்லை என்று சொல்லிவிட்டேன், வீட்டில்தான் இருக்கிறேன். நீ அடிக்க வந்தால் வாங்கிக்கொண்டு நிற்பேன் என்று நினைக்காதே, தடுப்பேன். என் கைக்கு இன்னும் பலம் உண்டு. ஆனாலும் வா.

அன்றைக்கு ஏன் அடித்தாய் என்று இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வந்து கேள், மக்கா.